அத்தியாயம் 6: விடுதியில் நாடி நின்றால்

இந்த அத்தியாயம் வைத்தியருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ, கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டை ஆதார வைத்தியசாலைகளிலோ ஒரு நோயாளியின் நாடி நிற்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் தாதி. அவர் மருந்து ட்ரொலியோடு விடுதியின் மறுகோடியில் நின்றால், சிற்றூழியர். பார்வையாளர் நேரமென்றால் நோயாளியின் மகனோ மகளோ. "டொக்டர் வரட்டும்" என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளியின் மூளையிலிருந்து கழிகிறது. நெஞ்சை அமுக்கத் தொடங்க எவருடைய உத்தரவும் தேவையில்லை. நிறுத்துவதற்குத்தான் வைத்தியர் தேவை.

நெஞ்சை வெளியிலிருந்து அமுக்கியே இரத்தத்தை ஓடவைக்கலாம் என்பது 1960இல்தான் மருத்துவ உலகுக்கு உறுதியாயிற்று. அதற்கு முன் நெஞ்சைக் கீறித் திறந்து இதயத்தைக் கையால் பிசைவார்கள். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் நாய்களை வைத்து மின்னதிர்ச்சி ஆய்வு நடந்தபோது, தகடுகளை நெஞ்சில் அழுத்தி வைத்த மாத்திரத்திலேயே இரத்த அழுத்தம் சற்று ஏறுவதை நிக்கர்பொக்கர் என்ற ஆய்வாளர் கண்டார். அவரும் மின்பொறியியலாளரான கூவன்ஹோவனும் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜூடும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளிகள். 14 பேர் பிழைத்தார்கள். அந்தக் கணக்கைக் கண்டு மயங்கிவிடக்கூடாது. அவர்களில் பலர் மயக்க மருந்தின்போது, நிபுணர்கள் சூழ்ந்து நிற்க இதயம் நின்றவர்கள். இன்று அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாடுகளின் பதிவேடுகளில், வைத்தியசாலைக்குள் இதயம் நின்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் உயிரோடு வீடு திரும்புகிறார். நம்மிடம் ஆள்பலமும் கருவிகளும் அவர்களைவிடக் குறைவு. ஆனால் அந்த ஐந்தில் ஒருவரைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு முதல் சில நிமிடங்களில் இரண்டு கைகள் செய்யும் வேலைக்கே. அந்தக் கைகள் நம்மிடமும் இருக்கின்றன.

நிற்பதற்கு முன்

விடுதியில் இருக்கும் நோயாளியின் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நிற்பது குறைவு. பெரும்பாலும் பல மணித்தியாலங்களுக்கு முன்பே உடல் முறையிடத் தொடங்கியிருக்கும். கட்டில் தலைச்சீட்டை (பி.எச்.ரி.) பின்னோக்கிப் புரட்டினால் அது தெரியும்: அழுத்தம் 110, பிறகு 100, பிறகு 88. நேற்று ஊர்ப் புதினம் பேசியவர் இன்று இடம் தெரியாமல் குழம்புகிறார். சிறுநீர்ப் பையில் கோடு ஏறவேயில்லை.

இவை எல்லாவற்றுக்கும் முந்திக் கெடுவது பெரும்பாலும் மூச்சு வீதம். அதையே நாம் எண்ணுவதில்லை. வரிசையாக எல்லாக் கட்டிலுக்கும் 18, 20 என்று எழுதிவிட்டுப் போகும் பழக்கம் பல விடுதிகளில் உண்டு. ஒருமுறை அரை நிமிடமாவது நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். நிமிடத்துக்கு 25ஐ எட்டினாலோ 8க்கு இறங்கினாலோ விடுதியின் இளநிலை வைத்தியரான எச்.ஓ.வை அழையுங்கள், அவர் வராவிட்டால் அவருக்கு மேலுள்ளவரை. அப்படிப்பட்ட நோயாளியின் கட்டிலை விடுதிக் கடைசியிலிருந்து தாதியர் மேசைக்கு எதிரே இழுத்துவிடுவது செலவில்லாத சிகிச்சை.

இன்னொன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: இந்த நோயாளிக்கு நெஞ்சமுக்கி உயிர்ப்பித்தல் (சி.பி.ஆர்.) செய்ய வேண்டுமா? முற்றிய புற்றுநோயோடு கடைசி நாட்களில் இருப்பவரின் விலா எலும்புகளை நொறுக்குவது சிகிச்சை ஆகாது. அந்தத் தீர்மானத்தை ஆலோசக வைத்தியர், இயலுமானால் நோயாளியோடும், குடும்பத்தோடும் பேசிப் பகலிலேயே எடுத்து, பி.எச்.ரி.யில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தாதியின் காதில் சொல்லிவிட்டுப் போவது தீர்மானம் அல்ல. எழுத்தில் இல்லையென்றால் அமுக்குங்கள்.

அறிவதும் அமுக்குவதும்

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? உரத்த குரலில் ஆள் கூப்பிட்டபடியே தலையைச் சற்றுப் பின்சாய்த்து மூச்சைப் பாருங்கள். அதே நேரத்தில் கழுத்து நாடியில் இரு விரல். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து விநாடிக்கு மேல் இல்லை. நாடி இருக்கிறதா என்று சந்தேகமென்றால், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஏமாற்றுவது சேடம். இதயம் நின்ற பின்னும் சில நிமிடம் வாய் திறந்து, தாடை தூக்கி, இடைவிட்டு இடைவிட்டு ஒரு இழுவை வரும். பக்கத்தில் நிற்கும் உறவினர் "மூச்சு இழுக்குது மிஸ், உயிர் இருக்கு" என்பார். அது மூச்சு அல்ல. மூளை ஒட்சிசன் இல்லாமல் விடும் கடைசி முயற்சி. சேடம் இழுக்கும் நோயாளிதான் நாம் உடனே தொட்டால் பிழைக்க அதிக வாய்ப்புள்ளவர். அதேபோல இதயம் நின்ற கணத்தில் கைகால் வெட்டி இழுப்பதும் உண்டு. வலிப்பு என்று நினைத்து மருந்து ஏற்றப் போகாமல் நாடியைப் பாருங்கள்.

இனி அமுக்குதல். உள்ளங்கையின் அடிப்பகுதி மார்பெலும்பின் கீழ்ப் பாதியில். மற்றக் கை அதன் மேல். முழங்கை மடியாமல், தோள் கைக்கு நேர்மேலே. வளர்ந்தோருக்கு ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.யைத் தாண்டாமலும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிறகு நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும். களைத்தவர் செய்யும் முதல் பிழை நெஞ்சின் மேலேயே சாய்ந்துகொள்வது. சாய்ந்தால் இதயத்துக்குள் இரத்தம் நிரம்பாது. வெறும் பையைப் பிசைவதாகத்தான் இருக்கும்.

புத்தகப் படங்களில் நோயாளி தரையில் கிடப்பார். நம் நோயாளி கட்டிலில், மெத்தையின் மேல். நீங்கள் 5 செ.மீ. அமுக்கினேன் என்று நினைக்கும்போது அதில் ஒரு பங்கை மெத்தை வாங்கிக்கொள்கிறது. அதற்காக ஆளைத் தரைக்கு இறக்க வேண்டாம். குழாய்கள் கழன்று, நேரம் போகும். அவசர ட்ரொலியில் மாட்டியிருக்கும் பலகையை, ஆள் மாறும் இடைவெளியில் முதுகுக்குக் கீழே நுழைத்துவிடுங்கள். பலகை இல்லாவிட்டால் மெத்தை அமிழ்வதையும் கணக்கில் வைத்து இன்னும் அழுத்துங்கள். படுக்கைப் புண்ணுக்காகக் காற்று மெத்தை போட்டிருந்தால் அதன் காற்றைத் திறந்துவிடுங்கள். உயரம் குறைந்த தாதியர் கட்டிலருகே நின்று கையால் மட்டும் தள்ளுவதை அடிக்கடி காணலாம். அது அரை நிமிடத்தில் ஓய்ந்துவிடும். கட்டிலடியில் கிடக்கும் ஏறுபடியை இழுத்து அதன்மேல் ஏறுங்கள்; அல்லது கட்டிலிலேயே முழங்காலிட்டு நில்லுங்கள். உடல் பாரம் இறங்க வேண்டும், கைப்பலம் அல்ல.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இயல்பான இதயம் தள்ளும் இரத்தத்தில் காற்பங்கு, மூன்றிலொரு பங்குதான் ஓடும். அதுவும் அடிபம்பு போலத்தான்: முதல் சில அடிகளுக்குத் தண்ணீர் வராது, வந்த பிறகு கையை விட்டால் இறங்கிவிடும். ஆகவே எதற்காக நிறுத்தினாலும் பத்து விநாடிக்குள் திரும்ப வேண்டும். கனூலா போட, குழாய் இறக்க, ஈ.சி.ஜி. ஒட்ட என்று நிறுத்தக்கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில், தலைக்கு மேல் ஒரு விசிறி மட்டும் சுற்றும் விடுதியில், "எனக்குக் களைக்கவில்லை" என்பவரின் அமுக்கல்தான் முதலில் ஆழம் குறையும்.

மூச்சுக்கு, 30 அமுக்கலுக்கு 2 தடவை மூச்சுப் பை (அம்பு பேக்). ஒட்சிசனை முழு அளவில் திறந்துவிடுங்கள். ஒருவர் இரு கையாலும் முகமூடியைத் தாடையோடு சேர்த்துப் பிடிக்க, அமுக்கி முடித்தவர் பையை அழுத்துவது நல்லது. நெஞ்சு சற்று எழுந்தால் போதும். பதற்றத்தில் பையை ஓயாமல் பிசைந்தால் வயிறு ஊதும், வாந்தி வரும், நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி இரத்தம் திரும்பாது. குழாய் இறக்கிய பிறகு அமுக்கலை நிறுத்தாமல் நிமிடத்துக்குப் பத்து மூச்சு. ஆறு விநாடிக்கு ஒன்று.

மின்னதிர்ச்சிக் கருவி (டிஃபிப்) வந்ததும் தகடுகளை வைத்துத் தாளத்தைப் பாருங்கள். துடிநடுக்கமோ நாடியற்ற வேகத் துடிப்போ என்றால் அதிர்ச்சி. நேர்கோடு, அல்லது கோடு ஓடியும் நாடி இல்லை என்றால் அதிர்ச்சி பயனற்றது. மின்னேற்றும்போதும் அமுக்கிக்கொண்டே இருங்கள். ஒட்சிசனை விலக்கி, எல்லோரும் கையெடுத்ததைக் கண்ணால் பார்த்து, அதிர்ச்சி கொடுத்து, நாடி தேடாமல் உடனே அடுத்த இரண்டு நிமிடம் அமுக்குங்கள். அதிரீனலின் 1 மி.கி. மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. நேர்கோட்டில் உடனே, அதிர்ச்சி கொடுக்கும் தாளத்தில் மூன்றாவது அதிர்ச்சிக்குப் பிறகு, அமியோடரோன் 300 மி.கி.யோடு. ஒவ்வொரு மருந்துக்கும் பின்னால் 20 மி.லீ. சேலைன் தள்ளி, கையைத் தூக்கிவிடுங்கள். மருந்துப் பகுதியைச் சுருக்கமாகத்தான் சொல்கிறேன். சுவரில் ஒட்டிய அட்டவணையில் எல்லாம் இருக்கிறது. நோயாளி இறப்பது பெரும்பாலும் மருந்து பிந்தியதால் அல்ல, அமுக்கல் நின்றதால்.

நம் விடுதிகளில் சிங்களம் பேசும் எச்.ஓ., தமிழ் பேசும் தாதி, இரண்டும் பேசும் சிற்றூழியர் என்று கலந்து நிற்பார்கள். "யாராவது அதிரீனலின் எடுங்கோ" என்ற கட்டளை எவர் காதிலும் விழாது. பெயர் சொல்லி, கையால் காட்டிச் சொல்லுங்கள். வாங்கியவர் திருப்பிச் சொல்லட்டும்: "அதிரீனலின் ஒன்று போட்டாச்சு, பத்து நாற்பத்திரண்டு." ஒருவர் கையில் பேனையும் கடிகாரமும் மட்டும் இருக்கட்டும்.

பெண் நோயாளியென்றால் தயக்கம் வருவது இயல்பு. சிற்றூழியரின் முதல் வேலை திரையை இழுப்பது. அதன் பிறகு ஆடையை விலக்கத் தயங்க வேண்டாம். மார்பெலும்பு தெரியாமல் சரியான இடத்தில் அமுக்க முடியாது. தாலிக்கொடி, சங்கிலி, தாயத்து எதையும் வெட்ட வேண்டாம். தகடு வைக்கும் இடத்திலிருந்து தோள்பக்கமாகத் தள்ளிவிட்டால் போதும். தாலியை வெட்டினார்கள் என்ற நினைப்பு அந்தக் குடும்பத்தில் காலத்துக்கும் நிற்கும்.

ஏன் நின்றது?

அமுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் காரணத்தைத் தேட வேண்டும். புத்தகங்கள் தரும் பட்டியல் எல்லா ஊருக்கும் பொது: ஒட்சிசன் குறைவு, இரத்த இழப்பு, பொட்டாசியக் கோளாறு, உடல் குளிர்தல், நெஞ்சுக்கூட்டில் அடைபட்ட காற்று, இதய உறைக்குள் இரத்தம், நஞ்சு, இரத்தக் கட்டி. துறைமுகமும் வயலும் காடும் சேர்ந்த இந்த மாவட்டத்தில் சிலவற்றை முன்னால் வைத்துத் தேடுவது நல்லது.

கடல் முதலில். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் குளிப்பவர்களும், வாடைக்காற்று மாதங்களில் படகு கவிழ்ந்த மீனவர்களும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு (ஈ.ரி.யூ.) வருவார்கள். நீரில் மூழ்கியவரின் இதயம் நிற்பது மூச்சு நின்றதால். ஆகவே இங்கு மட்டும் வரிசை மாறும். முதலில் ஐந்து மூச்சு, பிறகுதான் 30க்கு 2. கரையில் சிலர் செய்வதுபோல வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தலைகீழாகப் பிடிப்பதும் வாந்தியை நுரையீரலுக்குள் அனுப்பும் வேலை. சக்ஷனைத் தயாராக வைத்து, தகடு ஒட்டுமுன் நெஞ்சைத் துடையுங்கள். குளிர் நாட்டு நூல்களில் உறைநீரில் வெகுநேரம் கிடந்து பிழைத்தவர்களின் கதைகள் வரும். நம் கடல் 28 பாகையை ஒட்டியது. அந்தச் சலுகை நமக்கில்லை; முதல் மூச்சு எவ்வளவு முந்துகிறதோ அதுவே எல்லாம்.

எட்டடி விரியன் கடி வேறு வகை. இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்தவர், கடித்த தடமே தெரியாமல் விடியும்போது கண்ணிமை தூக்க முடியாமல் வருவார். அவரது இதயம் நல்ல இதயம், தசைகள்தான் செயலிழக்கின்றன. நாடி இருந்து மூச்சு மட்டும் நின்றால் நெஞ்சை அமுக்க வேண்டாம். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை பையால் மூச்சுக் கொடுத்து ஐ.சி.யூ.வுக்கு ஏற்றுங்கள். கண்மணி அசையாது, கைகால் அசையாது, மூளை இறந்தவர் போலவே தெரிவார். ஆனால் அவருக்குக் காது கேட்கும். தலைமாட்டில் நின்று "இது முடிஞ்சுது" என்று பேசாதீர்கள்.

மஞ்சள் அலரி நஞ்சு இலங்கையின் உலர்வலய வைத்தியசாலைகளுக்குப் பழக்கமானது. வருபவர்களில் பலர் இளவயதினர். நஞ்சு இதயத்தின் மின்னோட்டத்தை நேரே குழப்பும். துடிப்பு 40க்கு இறங்கி, தவறி, நிற்கும். எழுந்து நடமாடியவர் கழிவறைக்குப் போன இடத்தில் விழுவதும் உண்டு. ஆகவே மொனிட்டரில் வைத்திருங்கள். மாற்றுமருந்து, தற்காலிகப் பேஸ்மேக்கர் வசதியுள்ள இடத்தோடு நிலை மோசமாகுமுன் பேசுங்கள். இவர்களுக்கு சி.பி.ஆர்.ஐ வழக்கத்தைவிட நெடுநேரம் தொடர வேண்டும். நஞ்சு இறங்கும்வரை தாக்குப்பிடித்தால் மீதி வாழ்க்கை முழுவதும் அவர் முன்னால் இருக்கிறது. "தானாகத் தேடிக்கொண்டது" என்ற முணுமுணுப்புக்கு விடுதியில் இடமில்லை.

மாவட்டத்தின் மேற்கே பதவிசிறிபுரப் பக்கம் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் அதிகம். அங்கிருந்து வருபவரின் இதயம் நின்றால் பொட்டாசியத்தை நினையுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், 10 வீதக் கல்சியம் குளுக்கோனேட் 30 மி.லீ.யும், குளுக்கோசோடு இன்சுலினும் போகட்டும்.

கர்ப்பிணியென்றால், கருப்பை தொப்புள் மட்டத்துக்கு வந்திருந்தால், ஒருவர் அதை இரு கையாலும் இடப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையேல் பெருநாளம் நசுங்கி அமுக்கல் வீணாகும். நான்கு நிமிடத்தில் நாடி திரும்பாவிட்டால் அந்தக் கட்டிலிலேயே குழந்தையை எடுக்கத் தொடங்க வேண்டும். சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு ஓடக்கூடாது. அது முதலில் தாய்க்கான சிகிச்சை.

அனுப்புவதும் நிறுத்துவதும்

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, படகுப் பாதைக்குக் காத்திருந்த காலம் போய், நோயாளியை நகரத்துக்கு அனுப்புவது எளிதாயிற்று. எளிதானதாலேயே அவசரப்பட்டு அனுப்புவதும் கூடிற்று. ஓடும் அம்புலன்ஸுக்குள் ஒழுங்காக அமுக்க முடியாது. வளைவில் அமுக்குபவரே விழுவார். கந்தளாயிலிருந்து திருகோணமலை 40 கி.மீ. அளவு. அந்தத் தூரத்துக்கு நாடியில்லாத நோயாளியை ஏற்றுவது பெரும்பாலும் பொறுப்பைக் கைமாற்றுவதுதான். இருக்கும் இடத்திலேயே செய்து, நாடி திரும்பி, மூச்சுப் பாதை உறுதியான பிறகு அனுப்புங்கள்.

திருத்தக்கூடிய காரணம் எதுவும் இல்லாமல், எல்லாம் செய்தும் 20 நிமிடம் நேர்கோடாகவே ஓடினால் நிறுத்துவது நியாயம். நஞ்சுண்டவர், பாம்பு கடித்தவர், நீரில் மூழ்கிய குழந்தை ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பேரிடர் வேறு. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியா வைத்தியசாலையையே கடல் அடித்தது. அப்படியான நாளில், மூச்சுப் பாதையைத் திறந்தும் மூச்சு வராதவரை விட்டு, மூச்சுள்ளவரிடம் போவதுதான் விதி. சாதாரண நாளின் மனச்சாட்சியை அன்றைக்குச் சுமக்கக்கூடாது.

உறவினரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டாம். ஒருவரை உள்ளே, கால்மாட்டில் நிற்க விட்டு, பக்கத்தில் ஒரு தாதி நின்று நடப்பதைச் சொல்லட்டும். செய்ததைக் கண்ணால் கண்டவர் பிறகு "ஒண்டும் செய்யாமல் விட்டுட்டினம்" என்று சொல்லமாட்டார். முடிந்தபின் சுற்றிவளைக்காதீர்கள்: "வாப்பா மௌத்தாகிட்டார்", "அப்பா இறந்துட்டார்" என்று அவர்கள் வீட்டுச் சொல்லிலேயே சொல்லிவிட்டு, சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். நஞ்சு, விபத்து, நீர், பாம்பு ஆகியவற்றால் நேர்ந்த மரணமென்றால் விசாரணை உண்டு. போட்ட குழாய்களையும் கனூலாக்களையும் கழற்ற வேண்டாம். உடனே அடக்கம் செய்ய விரும்பும் குடும்பத்துக்கு இந்தத் தாமதத்தின் காரணத்தை அப்போதே விளக்கிவிடுங்கள்.

நாடி திரும்பினால் வேலை பாதிதான் முடிந்தது. ஒட்சிசன் செறிவு 94க்கும் 98க்கும் இடையில், மேல் அழுத்தம் 100க்குக் கீழே இறங்காமல், குளுக்கோஸ், முழு ஈ.சி.ஜி. உடலை 33 பாகைக்குக் குளிர்விக்கும் கருவிகள் இல்லையே என்று முன்பு ஏங்கினோம். காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதைவிடக் குளிர்விப்பதால் மேலதிகப் பயனில்லை என்று 2021இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. பரசிற்றமோல், விசிறி, ஈரத்துணி என்பன எந்த ஆதார வைத்தியசாலையிலும் உண்டு. 37.5ஐத் தாண்ட விடாதீர்கள்.

கடைசியாக அவசர ட்ரொலி. அதைப் பூட்டி, சாவியை அலுமாரிக்குள் வைக்கும் விடுதிகள் இன்னும் இருக்கின்றன. களவு போகும் என்ற பயம் விளங்குகிறது. இரவில் சாவியைத் தேடும் நேரம் அதைவிட விலைகூடியது. உடைத்துத் திறக்கும் பிளாஸ்டிக் முத்திரை போதும். ஒவ்வொரு பணிமாற்றத்திலும் லெறிங்கோஸ்கோப்பை விரித்து விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அம்பு பேக்கின் வாயை உள்ளங்கையால் பொத்தி அழுத்துங்கள். காற்று ஒழுகினால் வால்வு பிழை. டிஃபிப் மின்னிணைப்பில் செருகியிருக்கிறதா, சக்ஷன் இழுக்கிறதா, அதிரீனலின் எத்தனை குப்பி, காலாவதித் திகதி என்ன என்று பார்த்து, பெயரெழுதிக் கையெழுத்திடுங்கள். பார்க்காமல் கையெழுத்திடுபவர் இந்த நூலை மேற்கொண்டு வாசிக்க வேண்டாம்.